1964 மார்கழிப் புயல்: யாழ்ப்பாணக் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் வயதுபோன ஆக்களோடு புயலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் "64 புயல்" வராமல் கதை முடியாது. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயல், ரயிலோடு சனத்தை அள்ளிக்கொண்டு போன புயல் என்றுதான் எங்கள் வீடுகளில் அதைச் சொல்லுவார்கள். அது சரிதான். ஆனால் தனுஷ்கோடிக்குப் போவதற்கு முன்னமே அந்தப் புயல் இலங்கையின் கிழக்குக் கரையால் ஏறி, வவுனியாவைக் கடந்து, மன்னார்ப் பக்கத்தை உலுக்கிவிட்டுத்தான் போனது. வன்னி நிலத்தை ஊடறுத்துப் போன ஒரு புயலை அக்கரையில் நடந்த சோகம் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். இது எனக்கு நீண்ட நாளாகவே உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். அன்றைக்கு அத்தனை பேரைக் கொன்ற காரணங்கள், அதாவது ஆழமில்லாத கடல், தட்டையான நிலம், இருட்டு, அறுந்துபோன தொடர்பு, எல்லாமே இன்றைக்கும் குடாநாட்டைச் சுற்றி இருக்கின்றன.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 64 புயலில் பெரும்பாலானோரைக் கொன்றது கடல் தண்ணீர். நாங்களோ இன்றைக்கும் புயல் என்றவுடன் "காற்று எத்தனை கிலோமீற்றர் வேகம்" என்றுதான் முதலில் கேட்கிறோம். கேட்க வேண்டிய முதற் கேள்வி, தண்ணீர் எந்தப் பக்கத்தால், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்துக்கு வரும் என்பதே.

புயல் வந்த வழி

1964 டிசம்பர் 17ஆம் திகதி தெற்கு அந்தமான் கடலில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 5 பாகையில், ஒரு தாழமுக்கம் உருவானது. இந்த இடமே கொஞ்சம் அபூர்வமானது. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் திருப்புவிசை வேண்டும். நிலநடுக்கோட்டுக்குக் கிட்டப் போகப் போக அது பலவீனமாகிவிடும், அதனால் 5 பாகைக்குள் பெரிய புயல்கள் பிறப்பது குறைவு. இது பிறந்தது மட்டுமில்லாமல் 19ஆம் திகதிக்குள் கடும் புயலாகவும் வளர்ந்துவிட்டது. 21க்குப் பிறகு ஏறக்குறைய நேர்கோட்டில் மேற்கு நோக்கி, நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீற்றர் என்ற வேகத்தில் நகர்ந்து, 22ஆம் திகதி இலங்கைக்குள் ஏறி வவுனியாவைக் கடந்து, அன்றிரவே, 22க்கும் 23க்கும் இடைப்பட்ட நள்ளிரவில், தனுஷ்கோடியை அடித்தது. காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீற்றர் வரை இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கடல் 7 மீற்றர், அதாவது 23 அடி உயரத்துக்கு எழும்பி வந்தது. இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பதே வழமையாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்தப் புயலுக்குப் பெயர் கிடையாது. வட இந்து சமுத்திரத்துப் புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வவுனியாவிலிருந்து தனுஷ்கோடிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 125 கிலோமீற்றர். புயல் நகர்ந்த வேகத்தை மணித்தியாலத்துக்கு மாற்றினால் 17 முதல் 23 கிலோமீற்றர். அப்படியென்றால் வவுனியாவில் மரங்களை முறித்த காற்று தனுஷ்கோடியில் கடலை ஏற்றும்வரை ஐந்து முதல் ஏழு மணித்தியால அவகாசம் இருந்திருக்கிறது. ஒரு சிறிய ஊரில் இருக்கும் சனத்தை எழுப்பி, ரயிலில் ஏற்றி, பாம்பனுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்க அந்த நேரம் தாராளமாகப் போதும். 

ஆனால் 1964 இன்றைய காலம் இல்லை. முதலாவது வானிலைச் செய்மதி 1960இல்தான் மேலே போயிருந்தது. ஒரே இடத்தில் நின்று இரவும் பகலும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் செய்மதி இந்தக் கடலுக்கு அப்போது இல்லை. கப்பல்கள் அனுப்பும் தகவலும் கரையோர நிலையங்களின் அமுக்கமானியும்தான் வழி. புயல் மேலே வந்துவிட்டால் முதலில் விழுவது தந்திக் கம்பம். எந்த ஊரில் புயல் நிற்கிறதோ அந்த ஊர்தான் அந்த நேரத்தில் வாய் திறக்க முடியாத ஊர். வங்காள விரிகுடா நாடுகள் புயல் விஷயத்தில் ஒன்றாக உட்கார்ந்து தகவல் பரிமாற ஒரு குழுவை அமைத்தது 1972இல். அதற்கு இன்னொரு பேரழிவு தேவைப்பட்டது: 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானை அடித்த போலா புயல், குறைந்தது 3 லட்சம் உயிர்களை எடுத்துக்கொண்டு போனது. அங்கேயும் கொன்றது கடல் தண்ணீர்தான்.

தண்ணீர் ஏன் அவ்வளவு உயரத்துக்கு ஏறியது?

இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது.

புயலின் நடுவில் வளியமுக்கம் குறைவாக இருப்பதால் கடல் கொஞ்சம் மேலெழும். ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். எவ்வளவு பயங்கரமான புயலாக இருந்தாலும் இதனால் கிடைக்கும் உயரம் ஒரு மீற்றர் அளவுதான். மிச்சம் முழுக்கக் காற்றின் வேலை. ஆழ்கடலில் காற்று தண்ணீரைத் தள்ளினால் தள்ளப்பட்ட தண்ணீர் அடியால் திரும்பி ஓடிவிடும். ஆழமில்லாத கடலில் அடியால் ஓட இடமில்லை. தாம்பாளத்தில் தண்ணீரை வைத்து ஒரு பக்கமாக ஊதிப் பாருங்கள், மற்ற விளிம்பால் வழியும்.

பாக்குநீரிணையும் அதற்குத் தெற்கே உள்ள பாக்கு விரிகுடாவும் அப்படிப்பட்ட கடல். பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. தெற்கே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் மணல் திட்டுக்களால் ஆன ஆதாம் பாலம், ஒரு அணைபோலக் கிடக்கிறது. வடகிழக்கே வங்காள விரிகுடாவுக்கு வாய் திறந்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுற்றுபவை. புயல் தென்கிழக்கிலிருந்து வரும்போது அதற்கு முன்னால், வடமேற்கில் இருக்கும் இடத்துக்குக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும். 22ஆம் திகதி இரவு நடந்ததைப் புரிந்துகொள்ள இது போதும். புயலின் நடு வன்னிக்கு மேலால் வந்துகொண்டிருந்த நேரம் முழுக்க வடகிழக்குக் காற்று பாக்குநீரிணையால் தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் போய் முட்டக்கூடிய தென்மேற்கு மூலையில்தான் இராமேஸ்வரம் தீவின் வால் நீண்டுகொண்டு கிடக்கிறது. வாலின் நுனி தனுஷ்கோடி. இரண்டு கடலுக்கு நடுவே ஒடுங்கிய மணல், அதன்மேல் ஒரு ரயில் நிலையம், இறங்குதுறை, சுங்கம், தபாற்கந்தோர், கோயில், தேவாலயம், மீனவர் குடியிருப்பு. ஒளித்துக்கொள்ள ஒரு மேடு இல்லை.

வண்டி எண் 653

பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் பயணிகள் வண்டி அன்றிரவு 11.55க்குப் புறப்பட்டது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்பது பதிவு. சீட்டு எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் கூட இருக்கும் என்று சொல்லுபவர்கள் உண்டு. தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு மீற்றர் இருக்கும்போது கைகாட்டி வேலை செய்யவில்லை. முன்னால் முழு இருட்டு, மழை, இரண்டு பக்கமும் கடல். ஓட்டுநர் கொஞ்ச நேரம் நின்று பார்த்து, நீளமாக ஊதிவிட்டு மெல்ல வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. அப்போதுதான் அந்த அலை வந்தது. வண்டியில் இருந்த ஒருவரும் தப்பவில்லை.

இந்த இடத்தில் நான் ஓட்டுநரைக் குறை சொல்லமாட்டேன். நிலையம் கிட்ட இருக்கிறது, பின்னால் போகவும் பாதுகாப்பில்லை, நின்றாலும் பாதுகாப்பில்லை. அந்த நேரத்தில் அந்த மனுசனின் கையில் நல்ல முடிவு என்று ஒன்று மிச்சமிருக்கவில்லை. எடுக்க வேண்டிய முடிவு அதற்கு முன்னம், பாம்பனில், வண்டியை விடுவதா இல்லையா என்ற இடத்தில் இருந்தது. அந்த முடிவை எடுப்பவருக்கு இலங்கைக்கு மேலே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது மணிக்கு மணி தெரிந்திருக்க வேண்டும். பின்னாட்களில், இராமேஸ்வரம் தீவை இந்தியக் கரையோடு இணைத்த பாம்பன் ரயில் பாலத்தில் காற்றுமானி பொருத்தி, காற்று மணிக்கு 58 கிலோமீற்றரைத் தாண்டினால் சிவப்புக் கைகாட்டி தானாகவே விழும்படி செய்தார்கள். மனிதர் ஒருவர் அந்த இடத்தில் யோசித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லாதபடி ஒரு ஏற்பாடு. நல்ல ஏற்பாடு.

பாம்பன் பாலமும் அன்றிரவு சிதைந்தது. 145 கண்களில் பெரும்பாலானவற்றின் இரும்புப் பாளங்களைக் கடல் தூக்கி எறிந்தது. கப்பலுக்குத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பி நின்றது. ரயில்வே ஆறு மாதம் கணக்குப் போட்டிருந்த வேலையை, அப்போது இளம் பொறியியலாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் கொடுத்தார். கடலுக்குள் விழுந்த பாளங்களையே தேடி எடுத்துப் பயன்படுத்தினார்கள். பாலம் 46 நாளில் திரும்பி வந்தது, தனுஷ்கோடி இன்றுவரை திரும்பி வரவில்லை. அன்றைய மதராஸ் அரசு அது குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அறிவித்துவிட்டது.

எங்களுக்கு அறுந்தது

1914இல் பாம்பன் பாலம் திறந்த காலத்திலிருந்து, யாழ்ப்பாணத்தாருக்கு இந்தியா என்றால் அது தலைமன்னார் வழி. ரயிலில் தலைமன்னார் இறங்குதுறைக்குப் போய், கப்பலில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கினால் அங்கே மதராசுக்குப் போகும் வண்டி நிற்கும். சிதம்பரம் கும்பிடப் போனவர்கள், மதராசில் படிக்கப் போனவர்கள், கலியாணச் சேலை எடுக்கப் போனவர்கள் எல்லாரும் இந்தப் பாதையால்தான் போய்வந்தார்கள். 64க்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. எண்பதுகளில் போர் வந்து அதுவும் நின்றது. 

புயலுக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்தான், 1964 அக்டோபர் 30இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையகத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று அவர்களைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள். அந்தச் சனம் பின்னாட்களில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடி இல்லாமற் போன காரணத்தால் இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனது. ஒரு புயலின் கணக்கை இறந்தவர்களின் எண்ணிக்கையோடு மூடிவிடுகிறோம். ஒரு துறைமுகம் போனால் அதன் வழியாக நடந்த வாழ்க்கை எங்கெல்லாம் திசை மாறுகிறது என்பதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்களுக்கு எவ்வளவு கிட்ட வந்தது?

வரைபடத்தில் வவுனியாவையும் தனுஷ்கோடியையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோட்டிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய 75 கிலோமீற்றர் வடக்கே. நெடுந்தீவு 50 கிலோமீற்றர். அவ்வளவுதான். இன்றைக்கு இருக்கும் செய்மதி, கணினி மாதிரி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டும், 24 மணித்தியாலத்துக்கு முன் சொல்லும் புயல் பாதை பல பத்துக் கிலோமீற்றர் பிசகுவது சாதாரணம். அந்தப் பிசகளவுக்குப் புயல் வடக்கே விலகியிருந்தால், புயலின் கண் நெடுந்தீவுக்கு மேலால் போயிருக்கும்.

குடாநாட்டில் ஆறு கிடையாது; மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான். அடியில் சுண்ணாம்புக்கல். நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கும் கீழே. தீவுகளில் அதைவிடவும் தாழ்வு. 7 மீற்றர் கடல் என்ற கணக்கை இந்த நிலத்துக்கு மேலே வைத்துப் பார்த்தால் மிச்சத்தை நான் எழுதத் தேவையில்லை. கடல் தண்ணீர் ஒருதரம் உள்ளே ஏறிவிட்டால் கிணறுகளும் போய்விடும். நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புத் தண்ணீரின் மேலே மிதக்கும் நல்ல தண்ணீர்ப் படலத்தை. அது பல மாரி மழையில் தேங்கியது, ஒரு இரவில் கெட்டுப்போகும்.

எந்தப் பாதை யாருக்கு ஆபத்து என்பதும் ஒன்றல்ல. இதை ஊரில் இன்னும் தெளிவாகப் பேச வேண்டும். புயல் எங்களுக்குத் தெற்கால் போனால், 64இல் போனமாதிரி, யாழ்ப்பாணத்துக்கு முதலில் வடகிழக்கிலிருந்து காற்று, பிறகு கிழக்கிலிருந்து கொண்டல், கடைசியாகத் தென்கிழக்கு. முதல் கட்டத்தில் அடி வாங்குவது மருதங்கேணி, மணற்காடு, பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரை. அந்த நேரத்தில் யாழ்ப்பாணக் கடனீரேரியில் தண்ணீர் வற்றினமாதிரிக்கூட இருக்கலாம், ஏனென்றால் காற்று அதை மேற்கே தள்ளுகிறது. புயல் கடந்து மேற்கே போன பிறகு காற்று தென்கிழக்குக்கும் தெற்குக்கும் திரும்பும்போது அதே தண்ணீர் தெற்கு பார்த்த கரைக்கு, அதாவது பாசையூருக்கும் குருநகருக்கும், திரும்பி வரும். "புயல் கடந்துட்டுது, இனிப் பயமில்லை" என்று ஆக்கள் வள்ளத்தைப் பார்க்கக் கரைக்கு இறங்கும் நேரம் அது. அந்த நேரத்தில் கரையில் நிற்கக் கூடாது என்பதை யாராவது உரத்துச் சொல்ல வேண்டும்.

புயல் எங்களுக்கு வடக்கால், வடமராட்சியை ஒட்டிப் போனால் கதை இதைவிட மோசம். அப்போது காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். பாக்கு விரிகுடாத் தண்ணீர் நேரே தீவுகளுக்கு நடுவால் கடனீரேரியின் வாய்க்குள் புகும். வேலணைக்குப் போகும் பண்ணைப் பாலமும் காரைநகருக்குப் போகும் பொன்னாலைப் பாலமும் கடலோடு கடலாகக் கிடக்கும் தெருக்கள். அவை மூழ்கினால் தீவுப்பகுதியிலிருந்து வெளியே வர வேறு தரைவழி இல்லை.

பிறகு வந்த புயல்கள்

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பை அடித்த சூறாவளியில் 900க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பத்து லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள், சுமார் இரண்டரை லட்சம் வீடுகள் சேதமாகின. இலங்கை கண்டதில் காற்று செய்த அழிவுக்கு அதுதான் உதாரணம். 2000 டிசம்பர் 26இல் ஒரு புயல் திருகோணமலைப் பக்கத்தால் ஏறி, 64 புயலின் வழியை ஒட்டியே போனது. பலம் மிகக் குறைவு, அதனால் பலருக்கு ஞாபகமே இல்லை.

எங்களுக்கு நல்ல பாடம் 2008 நவம்பர் நிஷா. காற்றைப் பார்த்தால் சாதாரணப் புயல். ஆனால் 25ஆம் திகதி மட்டும் யாழ்ப்பாணத்தில் 390 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டியது, 1918க்குப் பிறகு காணாத மழை. வருடம் முழுக்கக் கிடைப்பதில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு ஒரே நாளில். குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போரால் 2006 ஆகஸ்டிலிருந்து மூடிக் கிடந்த காலம் அது. சாப்பாட்டுச் சாமானே கப்பலில் வந்துகொண்டிருந்த ஊரில் வெள்ளம். தமிழ்நாட்டில் அதே புயலால் 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே ஏறி, மன்னார் வளைகுடாவில் போய் நகராமல் நின்று மழையைக் கொட்டியது. நின்ற புயல் ஓடுகிற புயலைவிடக் கூடத் தண்ணீர் தரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா இலங்கை முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது, பெரும்பகுதி மலையகத்தில் மண்சரிவால். காற்றின் வேகத்தை வைத்து மட்டும் பார்த்திருந்தால் அது பயப்பட வேண்டிய புயலே இல்லை.

இந்த நான்கு ஐந்து நிகழ்வுகளையும் ஒன்றாக வைத்தால் தெரிவது இதுதான்: தண்ணீர் மூன்று வழியால் கொல்கிறது, கடலால், மழையால், சரிவால். சரிவு எங்களுக்கு இல்லை. மற்ற இரண்டும் உண்டு, அதுவும் ஒரே நேரத்தில் வரலாம். யாழ் நகரத்து மழைத்தண்ணீர் முழுக்க வாய்க்கால் வழியாகக் கடனீரேரிக்கு வடிய வேண்டும். குருநகர், நாவாந்துறைப் பக்கம் வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் கார்த்திகை மழையில் போய் நின்று பாருங்கள். கடல் பெருகும் நேரத்தில் வாய்க்கால் தண்ணீர் வெளியே போகாது. சருகும் பிளாஸ்ரிக் போத்தலும் முதலில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும், பிறகு மெல்ல ஊர்ப்பக்கம் திரும்பும். இது புயல் இல்லாத நாளிலேயே நடப்பது. 400 மில்லிமீற்றர் மழையும் ஒன்றரை மீற்றர் கடல் ஏற்றமும் ஒரே இரவில் வந்தால் கொட்டடிக்கும் பொம்மைவெளிக்கும் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு, ஊர்க் குளங்களை மூடி வீடு கட்டியவர்களும் அதற்கு அனுமதி கொடுத்தவர்களும் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

முன்னம் தெரிந்தும் கேட்காமல் விட்ட ஒரு ஊர்

அத்திலாந்திக் பக்கத்தில் ஹரிக்கேன் என்று சொல்லுவதும் எங்கள் புயலும் ஒரே சாதிதான். 1900 செப்டெம்பர் 8இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் கல்வெஸ்டன் என்ற தீவு நகரத்தை ஒரு ஹரிக்கேன் அடித்தது. நகரத்தின் மிக உயர்ந்த இடமே 3 மீற்றருக்குக் கீழ்; கடல் நாலரை மீற்றருக்கு மேல் ஏறியது. 6,000க்கும் குறையாமல் செத்தார்கள், 8,000 என்றே அதிகம் எழுதப்படுகிறது. கியூபாவில் இருந்த வானிலையாளர்கள் அந்தப் புயல் டெக்சாஸ் பக்கம் போகும் என்று கணித்திருந்தார்கள். அமெரிக்க வானிலைப் பணியகமோ கியூபாவின் எச்சரிக்கைகளைத் தந்தியில் அனுப்புவதையே தடுத்து வைத்திருந்தது. புயல் முதலில் கடந்த நாட்டிடம் தகவல் இருந்தது. அடுத்த கரைக்கு அது போகவில்லை. 

பிறகு அந்த நகரம் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். கடலோரம் 5 மீற்றர் உயரத்துக்கு மதில் எழுப்பி, மண் கொட்டி, வீடுகளையும் தேவாலயங்களையும் அடியால் தூக்கி, நகரத்தின் தரையையே உயர்த்தினார்கள். எங்களிடம் அந்தப் பணம் இல்லை. எங்களிடம் இருப்பது மணற்காட்டிலும் அம்பனிலும் கடல் தந்த மணல் மேடுகள். அவை காசு கொடுக்காமல் கிடைத்த மதில். அதையும் லொறி லொறியாக அள்ளி விற்கிறார்கள். மணற்காட்டில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மணலின் அளவு தெரியும். அந்தக் கரையைத்தான் 2004 சுனாமியும் அடித்தது.

என்ன செய்யலாம்?

வங்கதேசத்தைப் பாருங்கள். 1970இல் லட்சக்கணக்கில் செத்த கரையில், 2007இல் சித்ர் புயல் வந்தபோது இறந்தவர்கள் ஏறக்குறைய 3,400. கூடத்தான், ஆனால் வித்தியாசம் எவ்வளவு! ஊர் ஊராகத் தொண்டர்கள், கையில் ஒலிபெருக்கி, உயரத்தில் கட்டிய புகலிடங்கள். ஒடிசாவில் 1999இல் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தி, இறப்பைப் பத்துக்கணக்கில் நிறுத்தினார்கள். இரண்டு இடமும் எங்களைவிடப் பணக்காரக் கரைகள் இல்லை.

எங்களிடம் 2005இல் வந்த அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இருக்கிறது, நிலையம் இருக்கிறது, கிராம அலுவலர் இருக்கிறார், கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. இருந்தும் எச்சரிக்கை வரும்போது அது "மணிக்கு 60 - 70 கிலோமீற்றர் வேகத்தில் பலத்த காற்று, மீனவர்கள் அவதானமாக இருக்கவும்" என்ற வடிவத்தில் வருகிறது. பாசையூரில் கடலோரம் இருக்கும் ஒரு அம்மாவுக்கு இதை வைத்து என்ன முடிவெடுக்க முடியும்? அவவுக்கு வேண்டியது, "இன்றிரவு இரண்டு மணிக்குப் பிறகு காற்று தெற்காலே திரும்பும், தண்ணீர் உங்கள் ஒழுங்கைக்குள் முழங்காலளவு வரலாம், பத்து மணிக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ" என்ற ஒரு வசனம். அதைச் சொல்லத் தேவையான அறிவு இன்றைக்கு இருக்கிறது. அதை ஒழுங்கை அளவுக்கு இறக்கிக் கொடுக்க ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். இது சின்ன வேலை இல்லை, ஒவ்வொரு ஊரின் உயரத்தையும் அளந்து வைக்க வேண்டும். ஆனால் புயல் வந்த பிறகு செய்யக்கூடிய வேலையும் இல்லை.

மீனவர்கள் இதில் மற்றவர்களைவிட முன்னுக்கு இருக்கிறார்கள். காற்று மாறும் முன்னமே இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், வள்ளத்தை மேட்டுக்கு இழுத்து, பனையடியில் இரண்டு கயிறு போட்டுக் கட்டி, வலையைத் தூக்கி உள்ளே வைக்கும் ஆக்களை ஒவ்வொரு மாரியிலும் பார்க்கலாம். ஒரு கயிறு அறுந்தால் மற்றது பிடிக்கும் என்பதற்காக இரண்டு. அந்த யோசனை அரச அலுவலகத்துக்கும் வர வேண்டும். கரண்டும் போன் கோபுரமும் போன பிறகு செய்தி எப்படிப் போகும் என்பதற்கு இரண்டாவது கயிறு எது? கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மணியும் ஒலிபெருக்கியும் மின்பிறப்பாக்கியும் என்று இப்போதே எழுதி வைக்கலாம்.

கடைசியாக நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் சேவையை நிறுத்துவார்கள், அது சரியான முடிவு, நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் நிறுத்திய நிமிடத்திலிருந்து அந்தத் தீவில் இருக்கும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் நோயாளிகளும் புயல் முடியும்வரை அங்கேதான். ஆகவே அவர்களை இக்கரைக்கு எடுக்கும் முடிவு, படகை நிறுத்தும் முடிவுக்கு ஒரு முழுப் பகல் முன்னம் எடுக்கப்பட வேண்டும், அதுவும் புயல் இன்னும் திருகோணமலைக்குக் கிழக்கே தூரத்தில் நிற்கும்போது, யாழ்ப்பாணத்தில் வானம் வெளித்திருக்கும்போது. எந்தக் காற்று எச்சரிக்கை வந்தால் கடைசிப் படகு எத்தனை மணிக்கு, அதில் முதலில் ஏறுவது யார் யார் என்ற பட்டியலைப் பிரதேச செயலகம் ஒவ்வொரு ஐப்பசியும் புதுப்பித்து, நெடுந்தீவு இறங்குதுறையில் எல்லாரும் வாசிக்கும்படி ஒட்ட வேண்டும்.